அரையங்குலம் வீட்டு ஒன்றேகால் அங்குலக் குழாய்

அத்தியாயம் ஏழு

"வாந்தி எடுக்கிறதா இருந்தா கார்க் கதவைத் திறந்துக்கிட்டு எடுடா. சீட் கவர் புதுசு" என்றாள் சித்தி.

எடுக்கவில்லை. ஆனால் தொண்டை வரை வந்து நின்றது. அந்த விடுதிச் சமையலறையை விட்டு நாங்கள் கிளம்பிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. சுவரெல்லாம் எண்ணெய்ப் பிசுக்கு, ஜன்னல் கம்பியில் கருகிய முடி நாற்றம். தீப்பிடித்துக் கருத்துப்போன சுவர்மேல் ஒரு பெரிய பூப்படத்தை மாட்டி மறைத்திருந்தார்கள். சமையல்காரம்மா முகம் முழுக்கக் கட்டுப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரியில் கிடக்க, விடுதி வார்டன் பல்லைக் காட்டிக்கொண்டு, "கவலையே இல்ல சார், புது ஆள் போட்டாச்சு" என்றான். அந்தச் சிரிப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. முடி நாற்றமாவது காற்றில் போய்விடும்.

சித்தி என்றால் நிஜமாகவே சித்தி. என் அம்மாவின் கூடப்பிறந்த தங்கை. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் போலி விபத்துகளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். ஒருநாள் மேலதிகாரியின் போலி விபத்தையே கண்டுபிடித்துத் தொலைத்தாள். அதன்பிறகு சொந்தமாகத் துப்பறிகிறாள். அவளுடைய நிறுவனத்தின் மொத்த ஊழியர் படையும் நான்தான். கார் ஓட்டுவது, கதவு தட்டுவது, திட்டு வாங்குவது என் இலாகாக்கள்.

பின்சீட்டில் உட்கார்ந்திருந்தவள்தான் எங்கள் கட்சிக்காரி. குழாய்க்காரரின் மனைவி. விடுதிக்கு கேஸ் குழாய் போட்டவர் அவளுடைய கணவர். எங்கே, எந்தப் பருமனில் குழாய் போகவேண்டும் என்று கணக்குப் போட்டு வரைந்து கொடுத்தவர் அவளுடைய அண்ணன். கணவர் லாக்கப்பில் இருந்தார். அண்ணனை அந்தக் கணவர்தான் கொன்று ஆற்றில் தள்ளினார் என்பது வழக்கு. இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவள் அழக்கூட மறந்துபோயிருந்தாள்.

"இன்னிக்குச் சாயந்தரம் வாக்குமூலத்துல கையெழுத்து போடறேன்னு ஒத்துக்கிட்டார் மேடம்" என்றாள். "ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார். இனிமே என்னால முடியாதுடி, விட்டுடுங்கிறார்."

"போட்டுட்டா என்ன ஆகும் சித்தி?" என்றேன்.

"அப்புறம் நாம துப்புத் தேட வேண்டாம். நல்ல வக்கீலாத் தேடணும்."

செத்துப்போன அண்ணனுக்குத் தொழில் வட்டாரத்தில் ஒரு பட்டப்பெயர் உண்டு: அரையங்குலம். முக்கால் அங்குலமோ ஒரு அங்குலமோ வேண்டிய இடத்திலும் அரையங்குலக் குழாயை வரைந்து கொடுத்துவிடுவார். இரும்பு மிச்சம், அவருக்கு லாபம். விடுதியிலும் அதே திருவிளையாடல்தான். வெந்நீர்க் கொதிகலன் எரியத் தொடங்கியதும் கடைசி அடுப்புக்கு கேஸ் போதாமல் தீ சுருங்கி, தொங்கி, அணைந்துவிட்டது. கொதிகலன் நின்றதும் கேஸ் மறுபடி வந்தது, தீ வரவில்லை. விஷயம் தெரியாத சமையல்காரம்மா லைட்டரைத் தட்டினாள்.

விசாரணை என்று பேச்செடுத்த உடனே அரையங்குலம் காணாமல் போனார். அவருடைய கார் ஆற்றுப் பாலத்தின்மேல் நின்றது. சீட்டில் ரத்தம். டிக்கியில் குழாய்க்காரரின் பைப் ரென்ச், அதிலும் ரத்தம். குழாய்க்காரரோ அதற்கு முந்தினநாள்தான் நடுத்தெருவில் நின்று, "உன்னைக் கொல்லாம விடமாட்டேன்டா" என்று மச்சானைப் பார்த்துக் கத்தியிருந்தார். பிணம் மட்டும் கிடைக்கவில்லை. ஆறு இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்றார் இன்ஸ்பெக்டர். அவருக்கு வேலை சீக்கிரம் முடிந்தால் போதும்.

"இப்ப எதுக்கு சித்தி அந்தாளு வீட்டுக்குப் போறோம்?"

"ஒரே ஒரு அடுப்பைப் பத்தவைக்க. நேத்து லாக்கப்புல குழாய்க்காரர்கிட்ட பாடம் படிச்சேன். மீட்டர்லேருந்து கிளம்புற கேஸோட அழுத்தம் வழியில தேய்ஞ்சுக்கிட்டே போகும். குழாய் நீளமானா தேயும், வளைவுக்கு வளைவு தேயும், மெல்லிசானா இன்னும் தேயும். எவ்வளவு தேய்ஞ்சா கடைசி அடுப்பு தாங்கும்னு ஒரு அளவு இருக்கு. அதுக்கு 'ஏத்துக்கக்கூடிய இழப்பு'ன்னு பேரு. எல்லா அடுப்பும் ஒரே நேரத்துல எரிஞ்சாலும் அந்த அளவைத் தாண்டாத மாதிரி குழாயைப் பொறுக்கணும். அவ்வளவுதான் வித்தை."

"ஒரே ஸ்ட்ராவுல நாலு பேர் ஜூஸ் உறிஞ்சினா கடைசி ஆளுக்குக் காத்துதான் வரும். அதானே?"

"உனக்கு எல்லாமே தீனியாத்தான் புரியும். ஆனா அதேதான்."

"ஏத்துக்கக்கூடிய இழப்பு! கேக்கவே அசிங்கமா இருக்கு."

"வார்த்தையில அசிங்கம் இல்லடா. யாரோட இழப்பு, யார் ஏத்துக்கிறாங்கிறதுல இருக்கு."

சித்தியின் திட்டம் எளிமையானது. அரையங்குலம் தன் சொந்த வீட்டிலேயே இப்படித்தான் கஞ்சக் குழாய் போட்டிருப்பார். எல்லா அடுப்பையும் பற்றவைத்தால் அங்கேயும் தீ தொங்கும். அதைக் காட்டினால் விடுதித் தவறு வரைந்தவருடையது, மாட்டியவருடையது அல்ல என்றாவது ஆகும். கொலை வழக்கில் அது சின்ன ஓட்டைதான். கையில் வேறு எதுவும் இல்லை.

கதவைத் திறந்தவள் அரையங்குலத்தின் மனைவி. கறுப்பு உடை, கையில் கைக்குட்டை. கூடத்துச் சுவரில் கணவரின் படம் பெரிதாகத் தொங்கியது. அடர்ந்த தலைமுடி, உதட்டையே மூடிவிட்ட மீசை.

"நீங்க வாங்க மேடம். அவ உள்ள வரக்கூடாது" என்று எங்கள் கட்சிக்காரியைப் பார்த்து விரலை நீட்டினாள். "என் குடியைக் கெடுத்த கொலைகாரன் பொண்டாட்டி."

"அண்ணி, நான் அவர் கூடப்பிறந்தவ" என்றாள் அவள்.

"அப்ப அண்ணன் பக்கம் நின்னிருக்கணும்."

சித்தி சண்டையை வளரவிடவில்லை. "நீ வெளியிலயே இரும்மா. பக்கவாட்டுச் சுவர்ல கேஸ் மீட்டர் இருக்கு பாரு, அதுகிட்ட நில்லு. நான் கூப்பிடறேன்."

சமையலறையில் நான்கு அடுப்பு, குளியலறையில் ஒரு சின்ன ஹீட்டர். அவ்வளவுதான் அந்த வீடு. சித்தி மிகச் சின்ன அடுப்பைப் பற்றவைத்து அதன்முன் முக்காலி போட்டு உட்கார்ந்தாள். நான் ஓடி ஓடி எல்லாவற்றையும் திறந்துவிட்டேன். பெரிய அடுப்புகள் உறுமின. குளியலறையில் ஹீட்டர் குபுக்கென்று பிடித்தது. மூச்சிரைக்கத் திரும்பி வந்து பார்த்தேன்.

சின்ன அடுப்பின் தீ அசையவே இல்லை. நீலமாக, நேராக, ஒழுக்கமான மாணவன் மாதிரி நின்றது.

"அவருக்கு வீட்டு விஷயத்துல எப்பவுமே தாராளம்" என்று மூக்கைச் சிந்தினாள் மனைவி.

"போச்சு சித்தி" என்று காதோரம் சொன்னேன். "எல்லாம் சரியா இருக்கு."

"அதான்டா எனக்கு இடிக்குது."

சித்தி எழுந்து பின்கதவு வழியாக வெளியே போனாள். மீட்டரிலிருந்து வரும் குழாய் வெளிச்சுவரோடு ஓடிவந்தது. சுவரின் நிறத்திலேயே புத்தம்புதிதாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். சித்தி அதைக் கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வளைத்துப் பிடித்தாள். விடுதியிலும் இப்படித்தான் பிடித்துப் பார்த்தாள். அங்கே விரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி நின்றன. இங்கே நுனிகள் ஒட்டவே மாட்டேன் என்றன.

"ஒன்னேகால் அங்குலம்" என்றாள். "அரையங்குலம்னு பேர் வாங்கின மனுஷன் நாலு அடுப்புக்கும் ஒரு ஹீட்டருக்கும் ஒன்னேகால் அங்குலம் போட்டிருக்கார்."

"தன் வீடுன்னா கை தாராளமா வரும்போல."

"தாராளம்னா முக்கால் அங்குலம் போட்டிருப்பார். மிஞ்சினா ஒரு அங்குலம். இவன் குழாய்க் கணக்குப் போடறவன்டா. எத்தனை அடுப்புன்னு கூட்டாம குழாயைத் தொடவே மாட்டான். அந்தக் கூட்டலை நாம தலைகீழாப் போடலாம். இந்தப் பருமனுக்கு நாம பார்த்ததை விட இன்னும் ஒண்ணு எரியணும். பெருசா எரியணும்." பிறகு, பின்னாலேயே வந்துவிட்ட வீட்டுக்கார அம்மாவிடம் திரும்பினாள். "குழாய் எப்ப மாத்தினது?"

"போன மாசம். பழசு துருப்பிடிச்சிருச்சு."

"நாத்தனார் வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்தாரா?"

"இல்ல… வெளியூர் ஆளுங்க."

"சொந்தத்துலயே குழாய்க்காரர் இருக்கும்போதா?"

கைக்குட்டை மட்டும் மூக்குக்குப் போனது.

நான் குழாயோடு நடந்தேன். சமையலறை ஜன்னலுக்குக் கீழே அது இரண்டாகப் பிரிந்தது. வீட்டுக்குள் போன கிளை மெல்லிசு. தடிமன் அப்படியே சுவரோடு போய், கொல்லைக்கு இறங்கி, மூலையில் இருந்த பழைய கிடங்கின் பின்பக்கமாக மறைந்தது.

அங்கே போய் நின்றதும் காரில் தொண்டையில் நின்றது வாய்க்கே வந்துவிட்டது. கிடங்குக் கதவை அடைத்துக்கொண்டு சாக்கு மூட்டைகள். அவற்றின் அடியிலிருந்து ஏதோ கசிந்து, தரையில் கொழகொழவென்று படர்ந்திருந்தது. ஈக்கள் மொய்த்தன. நாற்றம் மூக்கில் அறைந்தது.

"உள்ள எலி செத்துக் கிடக்கு" என்றாள் அந்த அம்மா. "போலீஸ்கூட எட்டிப் பாத்துட்டு மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

நான் ஒரு குச்சியால் மேல் மூட்டையைக் கிளறினேன். குடல். கறிக்கடையில் வீசி எறிகிற குடலும் தோலும். சித்தியிடம் ஓடிவந்து, கண்ணில் தண்ணீரோடு சொன்னேன். "அடி மூட்டை அழுகிப்போச்சு. மேல் மூட்டை இன்னிக்கு வந்தது மாதிரி இருக்கு. நாத்தத்தை யாரோ தினம் புதுப்பிக்கிறாங்க. துக்க வீட்டுல இந்த வேலையை யார் செய்றா சித்தி?"

"யாரும் கிட்ட வரக்கூடாதுன்னு நினைக்கிறவங்க. உள்ள போய் எல்லாத்தையும் அணைச்சுட்டு வா."

அணைத்தேன். நான்கு அடுப்பையும் ஹீட்டரையும் இரண்டு முறை சரிபார்த்தேன். சித்தி வீட்டின் பக்கவாட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். "மீட்டர் நின்னுடுச்சாம்மா?"

"இல்ல மேடம்!" என்று எங்கள் கட்சிக்காரியின் குரல் வந்தது. "வேகமா ஓடுது!"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவள் முகம் கைக்குட்டையைவிட வெளுத்திருந்தது.

"அது… லீக்கா இருக்கும்" என்றாள்.

"ஐயையோ!" சித்தி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு நடிப்பு நன்றாகவே வரும். "லீக்குன்னா வீடே போயிடுமே! மீட்டர் பக்கத்துல வால்வு இருக்கும் பாரும்மா. மூடு அதை!"

"வேணாம்! மூடாதே!" என்று அந்த அம்மா அலறிக்கொண்டு ஓடினாள். அதற்குள் கட்சிக்காரி வால்வைத் திருகிவிட்டிருந்தாள்.

கொல்லையில் ஈக்களின் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் கிடங்குக்குள்ளிருந்து ஆம்பளைக் குரல் ஒன்று வீறிட்டது.

"ஐயோ! ஐஸ் மாதிரி இருக்கே! யாருடி கேஸை மூடினது? சோப்பு கண்ணுல போகுதுடி!"

மீட்டர் பக்கமிருந்து எங்கள் கட்சிக்காரி ஓடிவந்து என் பக்கத்தில் நின்றாள். அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்தவள் அவள். அவளுக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

கிடங்கின் பின்பக்கத் தகரம் ஒன்று கதவாகத் திறந்தது. இடுப்பில் துண்டு, உடம்பெல்லாம் நுரை. தலை மழுங்கச் சிரைத்திருந்தது, மீசை இருந்த இடம் தெரியவில்லை. முழங்கையில் ஒரு கட்டு. ரென்ச்சுக்கும் சீட்டுக்கும் ரத்தம் எங்கிருந்து வந்தது என்பதும் விளங்கியது. சுற்றிலும் குடல் நாற, அந்த மனிதரிடமிருந்து மட்டும் ஒசத்தி சோப்பின் வாசனை வந்தது. எனக்கு மூட்டைகளே தேவலை என்று இருந்தது.

"செத்தவங்களைப் பத்தித் தப்பாப் பேச வேணாம்னு இதுவரைக்கும் அடக்கிக்கிட்டு இருந்தேன் சார்" என்றேன். "இப்பப் பேசலாமா?"

அவர் என்னைக் கண்டுகொள்ளவில்லை. நுரை வழியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார். அவர் கேட்ட முதல் கேள்வியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க? அடுப்புல தீ தொங்கியிருக்காதே? கணக்கு சரியாத்தானே போட்டேன்?"

"ரொம்பச் சரியாப் போட்டீங்க" என்றாள் சித்தி. "நீங்க குளிக்கும்போது சமையலறையில தீ தொங்கினா யாராவது சந்தேகப்படுவாங்கன்னு ஒன்னேகால் அங்குலம் போட்டீங்க. அதைப் பாத்துத்தான் வந்தோம். விடுதிக்கும் இதே மாதிரி போட்டிருந்தா நீங்க ஒளிஞ்சுக்கவே வேண்டியிருந்திருக்காது."

"வெந்நீர் இல்லாம எனக்கு ஒத்துக்காது" என்றார் அவர், பரிதாபமாக.

வாழ்க்கையில் ஒரே ஒரு குழாயை ஒழுங்காகப் போட்டிருக்கிறான் மனிதன். அதுவும் தான் குளிக்க. நான் காறித் துப்பினேன். எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

அவர் இப்போது தங்கை பக்கம் திரும்பினார். குரலில் பாசம் சொட்டியது. "இந்தாம்மா, அழாதே. அண்ணன் சொன்னாப் புரிஞ்சுக்குவே. மாப்பிள்ளை உள்ள போனா ஏதோ கொஞ்ச வருஷம். சின்ன ஆளு, தாங்கிக்குவார். நான் போனா தொழிலும் போச்சு, குடும்பப் பேரும் போச்சு. அந்தச் சமையல்காரியும் பொழைச்சுக்கிட்டாள்ல? யாராவது ஒருத்தர் கொஞ்சம் இழப்பை ஏத்துக்கத்தான் வேணும். மாப்பிள்ளை வர்ற வரைக்கும் உன்னை நான் பாத்துக்கமாட்டேனா?"

அவள் அழவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பார்வை என்மேல் விழுந்திருந்தால் நான் அந்த மூட்டைக்குள்ளேயே போய்ப் படுத்திருப்பேன்.

நான் போன் செய்த இன்ஸ்பெக்டர் ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குச் சந்தோஷமே இல்லை. முடிந்துபோன வழக்கு துண்டு கட்டிக்கொண்டு நின்றால் யாருக்குத்தான் பிடிக்கும்? கூடத்துப் படத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். படத்தில் முடியும் மீசையும். இங்கே மொட்டைத் தலையும் வழித்த உதடும்.

"இவர்தானா உங்க வீட்டுக்காரர்?" என்று மனைவியைக் கேட்டார்.

அவள் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இல்ல சார். அவரோட பெரியப்பா பையன். துக்கத்துக்கு வந்தார். கிடங்குல தங்கியிருக்கார்."

"ஆமா சார்" என்றார் துண்டு கட்டியவர், இருந்த இடத்திலேயே பெரியப்பா பையனாகி. "ஜாடை ஒண்ணா இருக்கும். எல்லாரும் சொல்லுவாங்க."

எனக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம். வரவில்லை. குமட்டல்தான் வந்தது.

இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒரு நிம்மதி பரவுவதைப் பார்த்தேன். "பாருங்க மேடம், வீட்டுக்காரம்மாவே இல்லைங்கிறாங்க. அங்க ஸ்டேஷன்ல குழாய்க்காரன் கையில பேனாவோட உட்கார்ந்திருக்கான். நான் எதை வச்சு நிறுத்துறது? ரத்தச் சோதனை அது இதுன்னு எழுதி அனுப்பி பதில் வர்றதுக்குள்ள…"

"கூடப்பிறந்தவ நிக்கிறா. அவகிட்டக் கேளுங்க" என்றாள் சித்தி.

இன்ஸ்பெக்டர் வேண்டாவெறுப்பாகத் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இவர் உங்களுக்கு யார்?"

துண்டு கட்டியவர் அவளைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. சோப்பு நுரை காதோரமாக வழிந்து தோளில் இறங்கியது.

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். லாக்கப்பில் இருக்கும் கணவரை வெளியே கொண்டுவர ஒரே ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தை அவளுக்கு நாக்கில் வரவில்லை. பயத்தில் அல்ல, அருவருப்பில். அது பக்கத்தில் நின்ற எனக்கே தெரிந்தது. சித்திகூட முதல்முறையாக வாட்சைப் பார்த்தாள்.

"அண்ணன்" என்றாள் கடைசியில். "எங்க அம்மா வயித்துல எனக்கு முன்னாடி பொறந்த அண்ணன். இடது தொடையில தீக்காயத் தழும்பு இருக்கும், பாத்துக்குங்க. சின்ன வயசுல நான்தான் மருந்து போட்டேன்."

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். பிறகு போனை எடுத்து, "யோவ், அந்தக் குழாய்க்காரன்கிட்டேருந்து பேனாவை வாங்கி வை. ஆமாய்யா, கையெழுத்து வேண்டாம். ஆள் உசுரோட இருக்கான்" என்று எரிச்சலாகக் கத்தினார்.

நல்ல செய்தியை நான்தான் முதலில் சொல்லவேண்டும் என்று திரும்பினேன். அவள் என் பக்கத்தில் இல்லை. கொல்லைத் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு கையாலும் நீரை அள்ளி அள்ளி, வாயைக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டிருந்தாள்.